மாரிக்கனி மதினியின் முறை நேரம்

போன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட அன்று எனக்குக் காலை பதினொரு மணிக்கு ஒரு வீடியோ சந்திப்பு இருந்தது. என் வேலை இருக்குமா, போகுமா என்று அதில் சொல்லப்போகிறார்கள். போகும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பது மரியாதை.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். போன், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் கோளாறு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் கட்டுரைகளைத் தமிழில் எழுதும் வேலை. சென்னையில் ஒரு நிறுவனம் அவற்றை வாங்கி போன் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. 'கவலை வேண்டாம்' என்று தொடங்கி, 'உங்கள் சேவை வழங்குநரை அணுகவும்' என்று முடிப்பேன். நடுவில் எண் போட்ட படிகள் இருக்கும். எம்.ரெட்டியபட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் உட்கார்ந்து இதைச் செய்துவந்தேன். கடந்த எட்டு மாதங்களாக உட்கார மட்டும் செய்தேன்.

எட்டு மாதங்களுக்கு முன் என் மனைவி நாகஜோதி இறந்துபோனாள். காய்ச்சல், மதுரை, நான்கு நாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு முப்பத்தொன்று. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. வைஃபை பற்றி எழுதத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த எட்டு மாதங்களில் நான் அனுப்பியவை மூன்று கட்டுரைகள். முதலில் யாரும் கேட்கவில்லை. பிறகு கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று எழுதினேன். கரண்ட் இல்லை என்று எழுதினேன். ஒருமுறை, கனமழையால் இணைப்புத் துண்டிக்கப்பட்டுள்ளது என்று எழுதினேன். அந்த வாரம் திருச்சுழித் தாலுகாவின் வானத்தில் ஒரு துண்டு மேகம்கூடக் கிடையாது. கடைசியில் ஆசிரியர் தங்கலட்சுமி மேடத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவோரின் பட்டியலை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் மேலே அனுப்ப வேண்டும். அதற்கு முன் என் முகத்தைப் பார்க்க வேண்டும். பதினொரு மணி. வீடியோ கட்டாயம்.

காலை ஒன்பதரைக்குப் போனை எடுத்தேன். திரையில் எழுத்துகள் கொஞ்சம் உருண்டையாக மாறியிருந்தன. 'உங்கள் சாதனம் இப்போது இன்னும் பாதுகாப்பானது' என்றது. வைஃபைக் குறிக்குக் கீழே 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் சிம் சிக்னல் வராது. பஸ் நிறுத்தத்தில் நின்றால் ஒரு கோடு வரும். அந்தக் கோட்டில் குரல் போகும், முகம் போகாது. லேப்டாப் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் அதன் சார்ஜர் வயரை எலி கடித்தது. வேறு வயர் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். ஐந்து மாதங்களாகப் போக வேண்டும்.

எனக்குப் பதற்றம் வரவில்லை. இந்தப் பிரச்சினைக்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது. 'அப்டேட்டுக்குப் பின் வைஃபை வேலை செய்யவில்லையா? ஆறு எளிய வழிகள்.' எழுதியவன் நான். மூன்று கட்டுரைகளில் அது ஒன்று. இணையம் இல்லாததால் அதைத் திறந்து பார்க்க முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இணையம் வராதவர்களுக்கான உதவியை நான் இணையத்தில் வைத்திருந்தேன்.

நினைவிலிருந்து செய்தேன். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தேன். போனை அணைத்து எழுப்பினேன். தேதியும் நேரமும் சரியா என்று பார்த்தேன். சரியாக இருந்தன, பத்து மணி ஐந்து நிமிடம். வீட்டு இணைப்பைப் போனிலிருந்து நீக்கி, கடவுச்சொல்லை மறுபடி அடித்தேன். போன் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு மறுபடி 'இணையம் இல்லை' என்றது. பிறகு வைஃபைப் பெட்டியை அணைத்து முப்பது விநாடி காத்திருந்து போட்டேன். 'பொறுமையாக முப்பது வரை எண்ணவும்' என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். எண்ணினேன். பயனில்லை. இன்னொரு முறை அணைத்தேன். இன்னொரு முறை எண்ணினேன்.

மூன்றாவது முறை பதினேழு எண்ணும்போது வாசலில் சத்தம் கேட்டது.

"ஏப்பா வீரபாண்டி, அந்தப் பெட்டிய என்னதான் செய்யுற? அங்க உங்க அண்ணன் வாயத் திறக்குறாரு, நின்னுபோகுது. திறக்குறாரு, நின்னுபோகுது. மீனு மாதிரி இருக்காரு."

அடுத்த வீட்டு மாரிக்கனி மதினி. அவருடைய கணவர் கோட்டைச்சாமி அண்ணன் மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறார். மதினி கையில் போன் இருந்தது. திரையில் அண்ணன் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்.

"உங்களுக்கு நெட்டு வருதா மதினி?"

"நீ அமத்தாம இருந்தா வரும்."

"எனக்கு வரலயே."

"உனக்கு வராம இருக்காதே. பெட்டியே உன் வீட்டுலதான இருக்கு."

அதுவரை எனக்கு அவமானமாக எதுவும் தோன்றவில்லை. அப்போது கொஞ்சம் தோன்றியது. பெட்டியைப் போட்டுவிட்டேன். அரை நிமிடத்தில் மதினியின் கையில் அண்ணன் உயிர் பெற்று, "யாரு, வீரபாண்டியா? நல்லாருக்கியாப்பா?" என்றார். நல்லா இருக்கேண்ணே என்றேன். என் போன் 'இணையம் இல்லை' என்றது.

அண்ணன் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் மதினி பேச்சை முடித்தார். நான் ஒரு ஊக்கை நிமிர்த்திக்கொண்டு பெட்டியைச் சுவரிலிருந்து திருப்பினேன். பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அமுக்கினால் பெட்டி கடையில் வாங்கிய நாளுக்குத் திரும்பிவிடும். அதுதான் என் கட்டுரையின் கடைசிப் படி. அதற்குப் பெயர் தொழிற்சாலை மீட்டமைப்பு. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

"அத அமுக்காத," என்றார் மதினி.

"அமுக்குனாத்தான் மதினி சரியாகும்."

"அமுக்குனா ஜோதி வச்ச முறை பூரா அழிஞ்சிரும். பின்னாடி ஓட்டையில மட்டும் யாரும் கை வச்சிராதீகன்னு அவ சொல்லிருக்கா."

"என்ன முறை?"

மதினி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "கொழுந்தனாரே, நீங்க இந்த வீட்டுலதான் இருந்தீகளா?"

நின்றபடியே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் இந்த இணைப்பு வந்தபோது தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் ஜோதியிடம் கடவுச்சொல் கேட்டார்கள். அவளும் கொடுத்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்க, யாருக்கும் எதுவும் ஓடவில்லை. சண்டை வந்தது. ஜோதியின் அப்பா திருச்சுழிப் பக்கம் ஒரு ஊரில் கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடுபவர். இன்ன வயலுக்கு இன்ன நேரம், அடுத்தவர் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக் கூடாது. அவள் அதையே பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டுப் போனையும் பெட்டியில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கினாள். மதினிக்கு, அண்ணன் பேசும் நேரம் பார்த்து, பத்திலிருந்து பதினொன்றரை. மூன்றாவது வீட்டு ஷேர் ஆட்டோ இருளப்பசாமிக்கு மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டரை. மற்ற இரண்டு வீடுகளுக்கு மாலையில். பட்டியலில் இல்லாத போன் வந்தால் பெட்டி உள்ளே விடும், தண்ணீர் விடாது.

இதை ஜோதி என்னிடம் சொல்லியிருப்பாள். நான் 'ம்' என்றிருப்பேன். எங்கள் வீட்டில் பெரும்பாலான முடிவுகள் என் 'ம்' ஒன்றின் மேல்தான் எடுக்கப்பட்டன.

"பெட்டியோட பூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கும். அத உங்ககிட்ட சொன்னாளா?"

"அது வேற எதுக்கு எனக்கு? முறைய மாத்தணும்னா அவகிட்டச் சொல்லுவோம், மாத்துவா. இப்ப யாரும் மாத்தல. அப்படியே ஓடுது."

எட்டு மாதங்களாக அது ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குத் திறந்து, பதினொன்றரைக்கு அடைத்து, ஒரு மணிக்கு அடுத்த வாய்க்காலைத் திறந்து. அதே அறையில்தான் நான் படுத்திருந்தேன்.

ஊக்கை மடக்கிச் சட்டைப்பையில் போட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மதினி பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றார். அவர் என்னைவிடக் கனம்.

மணி பத்து ஐம்பது.

"மதினி, உங்க முறையில எனக்கு அரை மணி நேரம் குடுங்க. வேல போற விசயம்."

"வேல போறதுக்கா கேக்குற?"

"போகாம இருக்குறதுக்கு."

"அப்பச் சரி. சட்டைய மாத்திட்டு வா. கழுத்துப்பட்டை கிழிஞ்சிருக்கு."

மதினி வீட்டு முன்னறையில், சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போனை நெல் அளக்கும் மரக்காலில் சாய்த்து வைத்தார். பின்னணியில் என்ன தெரிகிறது என்று பார்த்தேன். பருத்தி மூட்டை இரண்டு, அதன்மேல் ஒரு கோழி. மூட்டையை நகர்த்த முடியாது. கோழியை நகர்த்தினோம், திரும்பி வந்தது.

பதினொரு மணிக்குத் தங்கலட்சுமி மேடத்தின் முகம் வந்தது. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார்.

"யாரு மாரிக்கனி?" என்றார். திரையில் மதினியின் பெயர்தான் போயிருக்கிறது.

"நான் வீரபாண்டி மேடம். என் போன்ல நெட் வரல."

"உங்க போன்ல."

"ஆமா மேடம். அப்டேட் ஆச்சு. அதுக்கப்புறம் வைஃபை வரல."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிக்காமல் இருக்க முயன்றார் என்று நினைக்கிறேன். நல்ல மனுஷி.

"இதுக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதியிருக்கீங்களே வீரபாண்டி."

"ஆறுல அஞ்சு படி செஞ்சுட்டேன் மேடம்."

"ஆறா? நான் உங்களுக்கு அனுப்பின குறிப்புல ஏழு படி இருந்துச்சு." அவர் கண்ணாடியை இறக்கி எதையோ திறந்தார். "ஐந்தாவது படிய நீங்க எடுத்திருக்கீங்க. அதுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பும் எழுதியிருக்கீங்க. படிக்கட்டுமா? 'இந்தப் படி மிகவும் நுட்பமானது. தமிழ் வாசகர்களுக்குத் தேவைப்படாது.'"

பின்னால் மூட்டை மேலிருந்து கோழி ஏதோ சொன்னது.

எழுதியது நினைவுக்கு வந்தது. அந்தப் படி எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அரை மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அன்று அரை மணி நேரம் பெரிதாகத் தெரிந்தது. ஆகவே ஏழு கோடித் தமிழர்களுக்கும் அது தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

"அது என்ன படி மேடம்?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. வேறு வழியும் இல்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு போனுக்கும் நிரந்தரமான முகவரி எண் ஒன்று உண்டு. வைஃபைப் பெட்டி அதை வைத்துத்தான் போனை அடையாளம் கண்டுகொள்ளும். புதிதாக அப்டேட் ஆகும் சில போன்கள் பாதுகாப்புக்காக அந்த எண்ணை மறைத்து, ஒரு பொய் எண்ணைச் சொல்லும். வெளியிடங்களில் அது நல்லது. ஆனால் வீட்டுப் பெட்டியில் குறிப்பிட்ட போன்களுக்கு மட்டும் அனுமதி என்று யாராவது வைத்திருந்தால், பெட்டி அந்தப் பொய்க்காரப் போனை அடையாளம் தெரியாமல் நிறுத்திவிடும். வைஃபை அமைப்பில் உங்கள் இணைப்பைத் தொட்டு, தனியுரிமை என்ற இடத்தில், சாதனத்தின் சொந்த முகவரி என்று மாற்ற வேண்டும்.

"உங்க வீட்டுல யாராவது அப்படி வச்சிருக்காங்களா?"

"என் மனைவி வச்சிருக்கா மேடம்."

"அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே."

அவருக்குத் தெரியாது. நான் கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. கனமழை என்றுதானே சொன்னேன். கதவோரம் நின்ற மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அவ இல்ல மேடம். எட்டு மாசம் ஆச்சு."

திரை உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். உறையவில்லை. மேடம்தான் அசையவில்லை.

"இத ஏன் நீங்க எழுதல?"

"கட்டம் இல்ல மேடம்." தாமதத்துக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் நான்கு கட்டங்கள்தான் இருந்தன. உடல்நலம், மின்தடை, இணைப்பு, வானிலை. உண்மையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு அது கிண்டல்போல ஒலித்தது.

அவர் வருத்தம் தெரிவித்தார். பிறகு, அதற்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன், வேலைக்குத் திரும்பினார்.

"வீரபாண்டி, இரக்கப்பட்டு உங்க பேரைப் பட்டியல்ல வைக்க என்னால முடியாது. மேல கேப்பாங்க. எட்டு மாசத்துல மூணு கட்டுரை, அதுலயும் ஒண்ணுல படியக் காணோம். அந்த அஞ்சாவது படிய எழுதிக் குடுங்க. ஒரு சாதாரண மனுசருக்குப் புரியணும். ரெண்டு மணிக்கு முன்னால என் கையில இருந்தா, அதக் காட்டி நான் பேச முடியும். இல்லேன்னா..."

பதினொன்றரை. ஜோதி வைத்த நேரம். மேடத்தின் வாய் திறந்தபடி நின்றது.

"இல்லேன்னா என்னவாம்?" என்றார் மதினி.

"தெரிஞ்சதுதான் மதினி."

வீட்டுக்கு வந்து போனில் அந்த அமைப்பை மாற்றினேன். நான்கு விநாடி ஆனது. இணையம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் எனக்கு இந்த நான்கு விநாடி தெரிந்திருக்கும். போனிலேயே எழுதத் தொடங்கினேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு பத்தி தயாரானது. சவாரி முடிந்து இருளப்பசாமியின் ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. அவன் என் வயதுக்காரன், எம்.ரெட்டியபட்டிக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் ஓட்டுகிறான். சாதாரண மனுஷன் வேண்டும் என்றார்களே என்று அவனைப் பிடித்தேன். மதினியும் வந்தார்.

படித்தேன். "மென்பொருள் மேம்பாட்டைத் தொடர்ந்து, சாதனமானது தற்போக்கு முகவரியைப் பயன்படுத்தும் வாய்ப்புள்ளதால், திசைவியின் அனுமதிப் பட்டியலுடன் முரண்பாடு ஏற்படக்கூடும்."

இருளப்பசாமி கொஞ்சம் யோசித்தான். "மாப்ளே, எங்க பெரியப்பாவுக்குக் கோர்ட்லருந்து வந்த நோட்டீஸு இதவிடத் தெளிவா இருந்துச்சு."

"எது புரியல?"

"மென்பொருளத் தொடர்ந்து அப்படின்னு வருதுல்ல, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் புரியல."

"அவனச் சும்மா குத்தாத," என்று இருளப்பசாமியிடம் சொல்லிவிட்டு மதினி என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, எங்கிட்ட ஜோதி ரெண்டு வார்த்தையில சொன்னா. முறைத் தண்ணின்னு சொன்னா, விளங்கிருச்சு. நீ காலேஜு முடிச்சவன்."

ஜோதியும் முடித்தவள்தான். அவள் அதை யாரிடமும் காட்டவில்லை.

அழித்து எழுதினேன். முறைத் தண்ணீர் என்று தொடங்கினேன். 'பட்டியலில் பெயருள்ள வயலுக்குத்தான் மடை திறக்கும்' என்று எழுதினேன். இருளப்பசாமி, "வயலு எங்க பேசுது? ஆளுதான பேரு சொல்லணும்?" என்றான். மாற்றினேன். மதினி, "பொய்ப் பேருன்னு போடாத, போனு திருட்டுப் போனுன்னு நெனைப்பாக. முகமூடின்னு போடு," என்றார். மாற்றினேன். எட்டு மாதங்களில் இவ்வளவு எழுதியதில்லை. மொத்தம் பதினோரு வரி. இருளப்பசாமி சாப்பிடப் போனான். நான் மறுபடி படித்தேன், ஒரு காற்புள்ளியை எடுத்தேன், மறுபடி போட்டேன். எட்டு மாதம் ஒன்றும் செய்யாதவனுக்கு அன்று காற்புள்ளி முக்கியமாகிவிட்டது.

அனுப்பு என்பதை அழுத்தினேன். சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை.'

மணி ஒன்று.

அமைப்பைப் பார்த்தேன். சொந்த முகவரிதான். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தேன். அணைத்து எழுப்பினேன். தேதியும் நேரமும் பார்த்தேன். வாசலில் நின்று மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, மறுபடி போயிருச்சு."

"மணி என்ன?"

"ஒண்ணு."

"அப்பப் போகத்தான செய்யும். உனக்கு ஒண்ணுலருந்து ரெண்டர வரைக்கும் கிடையாதுல்ல." கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்தார். "சாப்பாட்டு நேரம். போன வச்சுக்கிட்டா தட்டப் பாக்க மாட்டேங்குறாருன்னு உனக்கு மட்டும் அடைச்சு வச்சிருந்தா. அந்த நேரத்தத்தான் இருளப்பனுக்குக் குடுத்தா. தெரியாதா உனக்கு?"

தெரியாது. மூன்று வருடமாகப் பகல் ஒரு மணிக்குப் போனை வைத்துவிட்டு நான் சாப்பிட எழுந்ததை என் நல்ல பழக்கங்களில் ஒன்றாக நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் நெட் போவதை, ஊருக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரர் சாப்பிடப் போகிறார், போகும்போது எதையோ அணைத்துவிட்டுப் போகிறார் என்று எனக்கு நானே விளக்கியிருந்தேன். இந்தத் துறையில் நான் நிபுணன். இந்த எட்டு மாதமும் தினம் ஒன்றரை மணி நேரம், அவள் அடைத்த மடைக்கு முன்னால் படுத்துக்கொண்டு கேபிள்காரரைத் திட்டியிருக்கிறேன். சாப்பிட எழுந்ததில்லை.

"தெரியும் மதினி," என்றேன்.

"என்னமோ தெரியும். மூஞ்சியப் பாரு."

இரண்டு மணிக்குப் பட்டியல் போகிறது. எனக்கு இரண்டரைக்குத் திறக்கும். ஊக்கு சட்டைப்பையில் இருந்தது. பத்து விநாடி. எடுக்கவில்லை. இருளப்பசாமி வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நடந்தேன், கொஞ்சம் வேகமாக. உச்சி வெயில்.

அவன் சாப்பிட்டு முடித்து, நிழலில் நிறுத்திய ஆட்டோவின் பின் இருக்கையில் காலை வெளியே நீட்டிப் படுத்துக் கபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உன் போனு வேணும். அவசரம்."

"ஏலே, இது என் முறைடா. பத்து நிமிசம் இருக்கு மேட்சு."

"வேல போயிரும்."

எழுந்து உட்கார்ந்தான். மேடத்தின் எண்ணை அவன் வாட்ஸாப்பில் ஏற்றினேன். இனி என் போனில் இருக்கும் பதினோரு வரியை அவன் போனுக்கு மாற்ற வேண்டும். இரண்டு போன்களுக்கு இடையில் இணையம் இல்லாமல் கோப்பை மாற்றுவது எப்படி என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதை நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை. பார்த்து அடிக்கலாம் என்றால் அவன் போனில் தமிழ் விசைப்பலகை இல்லை. அதை இறக்கத் தொடங்கினேன். மெதுவாக இறங்கியது. மணி ஒன்று நாற்பது.

"இதுக்கு எதுக்குலே எழுத்து?" என்று போனைப் பிடுங்கினான். மைக்கை அமுக்கிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா வணக்கம்மா. நான் இருளப்பசாமி, ஆட்டோ ஓட்டுறேன். வீரபாண்டிக்கு இப்ப நெட்டு கிடையாது, சாப்பாட்டு நேரம். அதனால அவன் எழுதுனத நான் சொல்லுறேன். கண்மாய்த் தண்ணி பாயுதுன்னு வைங்கம்மா. மடைக்காரர் கையில ஒரு லிஸ்ட் இருக்கும். அதுல பேரு இருக்க ஆளுக்குத்தான் தண்ணி. உங்க போனு அதுல ஏற்கெனவே பேரு குடுத்திருக்கு. அப்டேட்டுன்னு ஒண்ணு வந்தவுடனே போனு முகமூடியப் போட்டுக்கிட்டு மடைக்குப் போகுது. தப்பு இல்ல, ஊருக்குப் புதுசா போற எடத்துல முகமூடி நல்லதுதான். ஆனா உள்ளூர் மடைக்காரரு என்ன செய்வாரு? நீ யாருப்பா, உனக்கு இங்க வயலே இல்லையேம்பாரு. நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அதனால நம்ம வீட்டு நெட்டுக்கு மட்டும் முகமூடியக் கழட்டிரணும். எங்க கழட்டணும்ங்குறத வீரபாண்டி எழுதிருக்கான், ரெண்டரைக்கு அனுப்புவான். அவன் நல்லாத்தான்மா எழுதுறான். நாலு தடவ அழிச்சா நல்லா எழுதுவான்."

விரலை எடுத்தான். போய்விட்டது. அதில் என்னுடையது நான்கைந்து வார்த்தை இருக்கலாம்.

இரண்டு நீல டிக் விழுந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. இருளப்பசாமி கபடிக்குத் திரும்பினான். நான் ஆட்டோவின் முன் இருக்கையில், ஓட்டுகிறவனைப்போல உட்கார்ந்திருந்தேன். ஒன்று ஐம்பத்தைந்துக்கு அவன் விசிலடித்தான்.

"வந்துச்சா?"

"ஒரே ரெய்டுல மூணு பேரு."

இரண்டு மணி பத்துக்கு வந்தது. அவன்தான் சத்தமாகப் படித்தான். "குரல் கேட்டேன். மேலே இருப்பவருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். மூன்று மாதத்துக்கு வீரபாண்டியின் பெயரைச் சேர்த்திருக்கிறோம். எழுத்து வடிவத்தை இன்றே அனுப்பச் சொல்லவும். உங்களுக்கு நன்றி, இருளப்பசாமி."

"எனக்குத்தான் நன்றி சொல்லிருக்காக," என்றான். "உனக்கு இல்ல."

"கவனிச்சேன்."

நெட் திறக்க இருபது நிமிடம் இருந்தது. வீட்டுக்கு வந்தேன். சோறு இருந்தது, குழம்பு இல்லை. மதினி சுவருக்கு மேலே ஒரு சட்டியை நீட்டினார். கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டேன். இன்னொரு முறையும் போட்டுக்கொண்டேன்.

இரண்டரைக்கு நெட் திறந்தது. பதினோரு வரி தானாகவே போனது. அதற்குப் பதிலாகப் புதிய ஒப்பந்தப் படிவம் வந்தது. முகவரி, வங்கி விவரம் எல்லாம் பழையவை. கடைசியில் ஒரு கேள்வி புதிது. எந்த நேரத்தில் உங்களைத் தொடர்புகொள்ள இயலாது? பகல் ஒன்று முதல் இரண்டரை வரை என்று போட்டேன். காரணம் கேட்டது. 'இணைய வசதி இல்லை' என்று அடித்தேன். பொய் இல்லைதான். அழித்துவிட்டு 'சாப்பாடு' என்று போட்டு அனுப்பினேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினியின் குரல் வந்தது.

"எத்தன மாசமாம்?"

"மூணு."

"அதுக்கப்புறம்?"

"திரும்பக் கூப்பிட்டுக் கேப்பாக."

"கேக்கட்டும். சட்டியக் கழுவிக் குடு, பூன நக்கிரும்."

கழுவப் போனேன்.